தறிக்கு 1000 யூனிட், தறி ஓட்டுபவருக்கு?

2025 மார்ச் 19 அன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறி உரிமையாளர்கள் தறியை நிறுத்தினார்கள். ஒரு மாதம் தாண்டித்தான் திரும்ப ஓடியது. செய்திகளில் இரண்டு தரப்பு வந்தது. பாவும் ஊடை நூலும் கொடுத்துவிட்டு காடா துணியாக வாங்கிக்கொள்ளும் ஜவுளி உற்பத்தியாளர்கள் ஒரு பக்கம். நெசவுக்கூலியை உயர்த்தச் சொல்லும் தறி உரிமையாளர்கள் மறுபக்கம். நாளுக்கு இத்தனை கோடி உற்பத்தி இழப்பு என்று தவறாமல் ஒரு வரியும் வந்தது.

மூன்றாவதாக ஒருத்தர் இருக்காரே, தறிக்குடோனில் தறி ஓட்டுபவர்? ஓடின அளவுக்குத்தான் அவருக்குச் சனிக்கிழமை கூலி. தறி நின்றால் அதுவும் நின்றது. வேலைநிறுத்தத்தை அறிவித்தது அவர் இல்லை. பேச்சுவார்த்தை மேசையிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. கூலி உயர்வு முதலில் உரிமையாளர் கைக்கு வரும். அதில் எவ்வளவு இவருக்கு இறங்கும் என்பது தனிக்கதை. (உரிமையாளர்கள் எல்லாம் வசதியானவர்கள் என்று சொல்லவில்லை. நாலு தறியை வைத்துக்கொண்டு குடும்பமே ஓட்டுகிற வீடுகள் சோமனூர், பல்லடம் பக்கம் ஏராளம்.)

அப்போது சட்டம் என்ன சொன்னது என்று தேடினேன். ஆட்குறைப்பு இல்லாமல் தற்காலிகமாக வேலை மறுக்கப்பட்டால் பாதிச் சம்பளம் தரச் சொன்ன, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம், 50 பேருக்குக் குறைவான இடங்களை விட்டுவிட்டது. நம்ம ஊர் குடோன் எதுவும் அதில் வந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டம் 63ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாக இருந்தது: வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கு, விதிகளில் உள்ள விலக்கு தவிர, நோய்க்கால உதவித்தொகை கிடையாது. மாசாமாசம் தொழிலாளியும் பணம் கட்டுகிற திட்டம் இது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மாதம் வீடுகளைத் தாங்கியதில் பெரும்பங்கு பணம் கட்டாத திட்டங்களுக்குத்தான் இருந்திருக்கும். ரேஷன் அரிசி, பிள்ளைகளுக்குக் காலை உணவும் சத்துணவும், மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய். இவை எதுவும் ‘உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போனாரா’ என்று கேட்பதில்லை. பிரிட்டனில் 1980ல் கொண்டுவந்த சட்டம் நேர்மாறு. சங்கம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வாரம் 12 பவுண்டு வந்ததாகக் கணக்கு வைத்து, வேலைநிறுத்தக்காரர் குடும்பத்துக்கான உதவியில் கழித்தார்கள். நம்மிடம் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் அரிசி வீட்டு வாடகையைக் கட்டாது. குடோனில் வாங்கிய முன்பணத்தையும் அடைக்காது.

அதே ஏப்ரலில் 15ஆம் தேதி கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள். அதற்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு 8000 ரூபாய் கொடுக்கிறது. ஆக, தொழில் நிற்கும்போது குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிற வழி அரசுக்குத் தெரியாதது இல்லை. தடைக்காலம் அரசே போடுவது, வேலைநிறுத்தம் தனியார் தகராறு, அதில் அரசு எப்படிப் பணம் கொடுக்கும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீனவர் எப்படித் தடைக்காலத்தைப் போடவில்லையோ அப்படித்தான் தறி ஓட்டுபவரும் இந்த நிறுத்தத்தை அறிவிக்கவில்லை. தகராறில் யார் பக்கமும் சாயாமல் உதவி செய்ய இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

இந்தத் தொழிலுக்கு அரசு கொடுக்காமலும் இல்லை. இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம்; 2023ல் 750லிருந்து உயர்த்தியது. ஆனால் அது மீட்டருக்குப் போகிற உதவி. தறி ஓடினால்தான் அதற்கு அர்த்தம். விசைத்தறித் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியமும் இருக்கிறது. கல்வி, திருமணம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. தறி நின்ற வாரத்துக்கு ஒன்றும் இல்லை.

என் தொழில்புத்தி இங்கேதான் அரிக்குது. எந்த இணைப்பில் தறி நின்றது என்பது மின்வாரிய ரீடிங்கில் தெரியும். தொழிலாளி பெயர் நலவாரியப் பதிவில் இருக்கும். எந்தக் குடோனில் வேலை என்பதற்கு அந்தப் பதிவில் மின் இணைப்பு எண் ஒன்றைச் சேர்த்தால் போதும். பதிவு செய்யாதவர்கள் விடுபடுவார்கள், அது பெரிய ஓட்டைதான். 8000 கூட வேண்டாம், மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஆயிரம் என்று ஆரம்பித்துப் பார்க்கலாம்.