நல்ல அகதிக்கு மட்டும் வீடு

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) படத்தைத் திருச்சி தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். கூட வந்தவர் கொட்டப்பட்டு முகாமில் பிறந்த நண்பர். சனங்க சிரிச்சாங்க, அழுதாங்க. நானும்தான். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒண்ணுதான்: “ஏண்ணே, அந்தப் போலீஸ்காரரு எரக்கப்படலன்னா?”

படத்தின் மையமே அதில் உடைந்துபோகிறது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம் ராமேஸ்வரத்தில் போலீசிடம் சிக்குகிறது. ஒருவர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். சென்னையில் வீடு கிடைக்கிறது. குண்டு வெடித்ததும் சந்தேகம் இவர்கள்மேல். தெருவே திரண்டு காப்பாற்றுகிறது. காரணம், அவர்கள் அவ்வளவு நல்லவர்கள். கோபக்கார அகதி, குடிகார அகதி என்றால் தெரு என்ன செய்திருக்கும்? படம் அந்தப் பக்கமே போகவில்லை. உரிமை இருக்கவேண்டிய இடத்தில் நற்சான்றிதழை வைத்துவிட்டது.

அந்தக் குடும்பம் பேச்சை மறைக்கிறது, கேரளம் என்று பொய் சொல்கிறது. தியேட்டரே சிரித்தது. எனக்கு ஸ்ரீரங்கம் ஞாபகம் வந்தது. கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். “எந்த ஊரு?” சொன்னேன். “ஊர்ல எந்தத் தெரு?” அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. நானும் பேச்சை மாற்றித்தான் பேசினேன், வீடு கிடைக்கவில்லை. படத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. சாதியில்லாத ஒரு சென்னை!

இன்னொன்று. படத்துக்கு அகதி என்றால் ஈழத்துப் பேச்சு. என் நண்பரின் பேச்சு எங்க ஊர்ப் பேச்சுதான். அவர் பூட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி நம் சேரி சனம். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. அங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். கலவரத்துக்குத் தப்பி இங்கே வந்தால் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2019 ஜூனில் இப்படிப்பட்ட முகாம்வாசிகள் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

பொதுமக்கள் பாதுகாப்பு வேண்டாம்னு யாரும் சொல்லல. குண்டு வெடிச்சா சாவது நாமளுந்தான். விசாரி, வழக்குப் போடு, நிரூபி. ஆனால் திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் ஆளை அடைக்க, வெளிநாட்டவர் சட்டம், 1946இன்படி ஓர் அரசு உத்தரவே போதுமாயிருந்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் விடுவித்த சாந்தனை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். தாயைப் பார்க்க ஊர் திரும்பவில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் செத்துப்போனார். விடுதலைக்குப் பிறகான அந்தச் சிறையைப் பற்றி எந்த இயக்குநர் படம் எடுப்பார்? அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம், அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

படம் வந்தது மே 1. மே 19 அன்று உச்சநீதிமன்றம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளுக்கும் இடங்கொடுக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது. செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் அமலானபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தந்தார்கள். அந்தப் படத்துக் குடும்பம் தேதி தப்பி வந்தது. அந்தத் தெருவும் இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்று நண்பரிடம் கேட்டேன்.

“மணியாச்சுண்ணே, முகாமுக்குப் போகணும்” என்றார்.