மலையில் தட்டும் போன்கள்

மே மாதம் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் எடுத்த படம் போய்ச் சேராமல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். டவரோடு பேசத் தொடங்குவதற்கு முன், செல்போன் ஒரு சின்ன அலைத்துணுக்கை அனுப்பித் தன் வருகையைச் சொல்ல வேண்டும். எந்த போன் எப்போது அனுப்பும் என்பது டவருக்குத் தெரியாது. அதனால் இதற்கு ரேண்டம் அக்சஸ் என்று பெயர். கதவைத் தட்டுவது போலத்தான். 4ஜியிலும் 5ஜியிலும் ஒரு செல்லுக்கு வழக்கமாக 64 வகைத் தட்டல்கள் உண்டு. இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் ஒரே வகையைத் தேர்ந்தால் மோதல்தான். பதில் வராத போன் சற்றுப் பொறுத்து, ஆற்றலைக் கூட்டி மறுபடி தட்டும்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் இயக்கிய அலோகா வலை. தீவுகளில் இருந்த முனையங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாது. எனவே நினைத்தபோது அனுப்பு, மோதினால் மறுபடி அனுப்பு என்றார்கள். அந்த எளிய முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறக்குறைய 18 விழுக்காடுதான் பயன்படும். நேரத்தைத் துண்டு துண்டாக வகுத்துக்கொண்டால் 37 வரை ஏறும். அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. முனையங்கள் 407.35 மெகாஹெர்ட்ஸில் அனுப்பின, மையம் 413.475 மெகாஹெர்ட்ஸில் பதில் சொன்னது. தட்டுகிறவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளலாம், ஆனால் மையத்தின் குரலோடு மோத வழியே இல்லை. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் ஃபுல் டூப்ளெக்ஸ் முறை கைவைப்பது சரியாக இந்த இடத்தில்.

ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் முடியாது என்பது வெகுகாலம் பாடநூல் விதியாக இருந்தது. தான் அனுப்பும் அலையே தன் காதை அடைத்துவிடும். வைஃபை கருவி ஒன்று அதைச் சமாளிக்கத் தன் சொந்த அலையைச் சுமார் 110 டெசிபல், அதாவது பத்தாயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 2010-இல் தொடங்கிய முயற்சிகளின் தொடர்ச்சியாக, கான்பூர் ஐஐடியில் படித்த தினேஷ் பராடியாவும் கூட்டாளிகளும் 2013-இல் அந்த அளவை எட்டிக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2011-இல், மாயங்க் ஜெயின் முதலானோர் இன்னொரு பயனையும் கண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மையம் தானும் அனுப்பினால், ஒருவரையொருவர் கேட்க முடியாத கருவிகளும் மையத்தைக் கேட்டு ஒதுங்கிக்கொள்ளும். அவற்றால் வரும் இழப்பு 88 விழுக்காடு வரை குறைந்தது. அலோகாவின் தீவுகளுக்கும், முகடு மறைக்கும் நீலகிரிப் பள்ளத்தாக்குகளுக்கும் இதைவிடப் பொருத்தமான நல்ல செய்தி கிடையாது.

செல்போன் வலை அவ்வளவு துணியவில்லை. இந்தியாவில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 5ஜி, நேரத்தைப் பங்கிடும் முறை: பெரும்பகுதி டவர் அனுப்ப, சிறுபகுதி போன்கள் அனுப்ப. உலகத் தர அமைப்பான 3ஜிபிபி தன் 18-ஆம் வெளியீட்டில் ஆராய்ந்து 19-ஆம் வெளியீட்டில் எழுதியிருப்பது ஒரு சமரசம்: டவர் மட்டும் இருவழியும் செய்யும், அதுவும் அது அனுப்பும் நேரத்தில் பட்டையின் ஒரு கீற்றைப் போன்களுக்கு ஒதுக்கி. அந்தக் கீற்றில் தட்டவும் செய்யலாம்.

இதன் பயன் உண்மையானது. தட்டும் வாய்ப்புகள் பெருகும், காத்திருப்பு குறையும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் டவரிலிருந்து விலகிய எஸ்டேட்டில் பலமுறை தட்டினால்தான் கேட்கும் போனுக்கு இது பெரிய உதவி. (அங்கே சிக்னல் போனால் பனிமூட்டத்தைத்தான் திட்டுவார்கள். இந்த அலைவரிசையில் மூட்டம் பெரிதாக ஒன்றும் செய்யாது. முகடும், மழையில் நனைந்த சில்வர் ஓக் மரங்களும்தான் காரணம்.)

குறை எங்கே என்றால், தட்டும் போனைப் பற்றி டவருக்கு எதுவும் தெரியாது. பேச்சு தொடங்கிய போன்களை இந்த நேரம், இந்த ஆற்றல் என்று அடக்கலாம். தட்டுகிறவரை அப்படி அடக்க முடியாது. பக்கத்துப் போன் டவரின் மெல்லிய அலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நொடியில் இது 200 மில்லிவாட் உச்சத்தில் அனுப்பினால், கீற்று வேறாக இருந்தும் அந்தப் போனின் ஏற்பி திணறிவிடும். இன்னொரு பக்கம், டவரின் சொந்த மிச்ச அலையும் பக்கத்து டவரின் அலையும் கேட்கும் இரைச்சலை உயர்த்தும். சமவெளியில் கட்டடங்கள் டவர்களை ஒன்றிலிருந்து ஒன்று மறைக்கும். மலையில் ஒரு சரிவின் டவர் எதிர்ச்சரிவின் டவரை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறது. தட்டல் இரைச்சலில் தொலைந்தால் போன் இன்னும் உரக்கத் தட்டும். அது அடுத்தவரை இன்னும் கெடுக்கும். தோல்விக்குக் காரணம் தூரமா, குறுக்கீடா என்று பாராமல் ஆற்றலைக் கூட்டச் சொல்லும் இந்தப் பழைய விதிதான், என் கணிப்பில், முழு ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி.

முன்வைக்கப்படும் தீர்வுகளில் ஒன்று, டவரின் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் போன்கள் மட்டும் புதிய கீற்றில் தட்டலாம் என்பது. அவை மெல்லத் தட்டினால் போதும், குறுக்கீடு குறையும். காகிதத்தில் சரி. நீலகிரியில் அது தலைகீழாக வேலை செய்யும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் தாவரவியல் பூங்கா. அங்கே போனுக்குப் போன் ஓர் அடி இடைவெளி. அனுமதி மறுக்கப்படுவது எஸ்டேட். வசதி தேவைப்படுவதோ அங்கேதான். எஸ்டேட்டில் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, அங்கும் பக்கத்துப் போன் கெடுமே என்று கேட்கலாம். கெடும். ஆனால் ஒரு தட்டல் சில மில்லிநொடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. இழந்த துண்டை வலை மறுபடி அனுப்பிச் சரிசெய்துவிடும். இருபது வீட்டில் எப்போதாவது நடப்பதை இப்படிப் பொறுத்துக்கொள்ளலாம். கண்காட்சிக் கூட்டத்தில் நொடிதோறும் நடப்பதைப் பொறுக்க முடியாது.

ஆகவே அளவுகோல் சிக்னலின் பலமாக இருக்கக் கூடாது, கூட்டத்தின் அடர்த்தியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. வண்டிக்கு நான்கு போன் என்றாலும் ஒரு சனிக்கிழமை 32,000 போன்கள் புதிதாக மலையேறுகின்றன. எத்தனை வண்டி பதிவாகியிருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது. ஆள் அடையாளம் எதுவும் இல்லாமல் அந்த எண்ணிக்கையை மட்டும் செல்போன் நிறுவனங்களுக்குத் தந்தால், ஊட்டி, குன்னூர் நகர டவர்களில் அன்றைக்குப் புதிய கீற்றைத் தட்டுவதற்கு மூடி, எஸ்டேட் டவர்களில் திறந்து வைக்கலாம்.

சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே முதல் நம்மிடம் இருக்கிறது. ஃபுல் டூப்ளெக்ஸ் கருவிகள் சந்தைக்கு வருமுன், மே மாதக் கூட்டத்தில் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழையில் ஒருமுறை என அவற்றைக் கூடலூர் சரிவிலும் ஊட்டிப் பூங்காவிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். சமவெளியில் எடுத்த முடிவுகளை மட்டும் நம்பி இந்த மலைக்கு அனுமதி கொடுத்துவிடாதீர்கள்.