எண் தேறினால் குழந்தை தேறுமா?

ஒரு மருந்து பலன் தருகிறது என்று எப்போது சொல்லலாம்? எளிய கேள்விதான். ஆனால், மூச்சுத் திணறி உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து நடத்திய சோதனைகளைப் பார்த்தால், இந்தக் கேள்வியை எவ்வளவு கவனமாகக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். நீலகிரி போன்ற மலை மாவட்டத்திற்கு அந்தக் கவனம் இருமடங்கு தேவை.

முதலில் வாயுவைப் பற்றி. இதைப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு எனும் சிரிப்பூட்டும் வாயுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நைட்ரிக் ஆக்சைடு ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. மின்னல் வெட்டும்போது காற்றில் உண்டாவது. மோட்டார் வண்டிகளின் புகையில் இருப்பது. குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1904-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது கார்டைட். அந்தக் கார்டைட்டில் சேரும் நைட்ரோகிளிசரினே நெஞ்சுவலிக்கும் மருந்து. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டு ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்று 1977-ல் ஃபெரித் முராத் கண்டறிந்தார். இந்த வாயுவை நம் உடலே ஒரு செய்தியாளனாகப் பயன்படுத்துகிறது என்று காட்டியதற்காக அவருக்கும் ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ ஆகியோருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரலில் இது என்ன செய்கிறது?

கடுமையான நிமோனியாவில் நுரையீரலின் சில பகுதிகளில் சீழும் நீரும் நிறைந்துவிடுகின்றன. அங்கே காற்று போவதில்லை. ஆனால் ரத்தம் போகிறது. அந்த ரத்தம் பிராணவாயுவைப் பெறாமலே திரும்புகிறது. சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்கு என்ற சிறிய அளவில் நைட்ரிக் ஆக்சைடைக் கலந்தால், அது காற்று நுழையும் பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரியும். ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும். ரத்தத்தில் கலந்ததுமே ஹீமோகுளோபின் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், உடலின் மற்ற இடங்களில் ரத்த அழுத்தம் குறைவதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் ஏற்பாடு அழகாக இருப்பது மட்டும் மருத்துவத்தில் சான்றாகாது.

சோதனைகள் சொன்னவை

பிறந்த குழந்தைகளில் சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரியாமல் இறுகியே இருக்கும். இத்தகைய மூச்சுத் திணறலுள்ள 235 சிசுக்களிடம் நடந்த சோதனை 1997-ல் வெளியாயிற்று. உடலுக்கு வெளியே ரத்தத்திற்குப் பிராணவாயு ஊட்டும் இயந்திரத்தின் தேவை, வாயு பெறாதவர்களில் 54 சதவீதம். பெற்றவர்களில் 39 சதவீதம். இது தெளிவான பலன். எனினும் இறப்பில் வேறுபாடு மிகச் சிறிது: 17 சதவீதம், 14 சதவீதம். அமெரிக்காவில் 1999-ல் இந்த வாயுவுக்கு அனுமதி கிடைத்தது இவ்வகைச் சிசுக்களுக்காகவே.

நிமோனியா முதலிய காரணங்களால் சுவாசம் செயலிழந்த, சற்று வளர்ந்த குழந்தைகளின் கதை வேறு. 108 குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 1999-ல் வந்தது. வாயு கொடுத்த 4 மணி நேரத்திலும் 12 மணி நேரத்திலும் ரத்தத்தில் பிராணவாயு நிலை உயர்ந்தது. 24 மணி நேரத்திற்குப் பின் இரு குழுவுக்கும் பொதுவாக வேறுபாடு இல்லை. மிகக் கடுமையான நோயுற்றவர்கள் போன்ற சிலரிடம் மட்டும் அது நீடித்தது.

இங்கேதான் நம் விமரிசனம் தொடங்குகிறது. சோதனை எதைக் கேட்கிறதோ, அதற்குத்தான் விடை தரும். ‘ரத்தத்தில் பிராணவாயு கூடியதா?’ என்று கேட்டால் ‘கூடியது’ என்பதே விடை. பெற்றோர் கேட்பதோ, ‘குழந்தை பிழைத்து வீடு திரும்புமா?’ என்பது. இவை இரண்டும் ஒரே கேள்வி அல்ல. இந்நோயில் பல குழந்தைகளை மாய்ப்பது பிராணவாயுக் குறைவு மட்டுமன்று. கிருமித் தாக்குதல் பரவி, சிறுநீரகம், கல்லீரல், இதயம் என உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழப்பது. அந்த வேரை வாயு தொடுவதில்லை.

55 குழந்தைகளைச் சேர்த்த மற்றொரு சோதனை 2015-ல் வெளிவந்தது. மேலே சொன்ன இயந்திரமின்றிப் பிழைத்தவர்கள், வாயு பெற்றவர்களில் 92 சதவீதம். பெறாதவர்களில் 52 சதவீதம். நம்பிக்கை ஊட்டும் எண்தான். ஆனால் உயிர் பிழைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் 92-க்கு 72. இவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். பெரியவர்களும் குழந்தைகளும் பங்குபெற்ற 14 சோதனைகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பு குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியிருந்தது. ஆகவே, குழந்தைகளின் இந்நோய்க்கு இவ்வாயுவை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2023-ல் பன்னாட்டு வல்லுநர் குழு கூறியது.

நம் நாட்டு அனுபவம் ஒன்றையும் பார்ப்போம். 2021-ல் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் 25 கோவிட் நோயாளிகளில் 14 பேருக்கு இந்த வாயு கொடுக்கப்பட்டது. 11 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். வாயு பெற்றவர்களில் எவரும் இறக்கவில்லை என்ற செய்தி நாளிதழ்களில் பரவலாக வந்தது. அது சாத்தியக்கூறு காணும் முதற்படிச் சோதனையே. பயனுள்ள தொடக்கம், முடிவு அன்று. முதற்படியை மாடி என்று எண்ணுவது செய்தி படிப்பவர் செய்யும் பிழை.

மலையில் ஏன் கூடுதல் கவனம்?

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றில் பிராணவாயுவின் விகிதம் அதே 21 சதவீதம். ஆனால் அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம் குறைவு. எனவே நலமாக உள்ள குழந்தையின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாலும், சென்னைக் குழந்தையின் எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நுரையீரல் நலிந்துவிட்டால் சரிவு இன்னும் விரைவாக வரும்.

இப்போது ஒரு கணக்கு. தேயிலைத் தோட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு உதகையில் நைட்ரிக் ஆக்சைடு தொடங்குகிறார்கள். பின் ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோவையின் உயரம் சுமார் 410 மீட்டர். அங்கே சேர்ந்ததும் எண் உயர்ந்திருக்கிறது. உயர்த்தியது வாயுவா, மலையிறக்கமா? வாயு பெறாமல் அதே பாதையில் இறங்கிய குழந்தைகளோடு ஒப்பிட்டாலன்றி யாராலும் சொல்ல இயலாது. ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. யாருக்கு வாயு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நோய் இலேசானவர்களையே தெரிந்தெடுத்துக் கொடுத்தால், எந்த மருந்தும் வென்றதாகவே தோன்றும்.

விலை மிகுந்ததை மட்டுமே சோதிக்க வேண்டும் என்பதில்லை. மலிவானதையும் சோதிக்க வேண்டும். பிராணவாயுக் குழாயின் மறுமுனையை நீரில் அமிழ்த்தி, குமிழிகள் வழியாக மூச்சுப் பாதையில் அழுத்தம் தரும் எளிய முறை உண்டு. டாக்காவில் 225 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான சோதனையில், இம்முறையில் இறந்தவர் 4 சதவீதம். மூக்குக் குழாயில் மெல்லப் பிராணவாயு பெற்றவர்களில் 15 சதவீதம். அதே முறையை மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லாத மலாவி மாவட்ட மருத்துவமனை ஒன்றில் சோதித்தபோது இறப்பு கூடியது: 17 சதவீதம், மூக்குக் குழாயில் 11 சதவீதம். அந்த முடிவு 2019-ல் வந்தது. கருவியை மட்டும் கொண்டுபோனால் போதாது. அதைக் கவனிக்கும் கண்களும் உடன் செல்ல வேண்டும்.

மூச்சுத் திணறலுக்கு முன்பே தடுப்பு உண்டு என்பதையும் மறக்கலாகாது. 1907-ல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் தயாரித்த முத்தடுப்பு ஊசி, தொண்டை அடைப்பானையும் கக்குவானையும் தடுத்து எத்தனையோ குழந்தைகளின் மூச்சைக் காத்தது. அங்கே பலனை அளந்தது எந்த மானியும் அன்று, நோயே வராமற்போனதுதான்.

புதிய சிகிச்சை பற்றிய செய்தி இனி உங்கள் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? உயர்ந்தது எண்ணா, பிழைத்தது குழந்தையா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எண் தேறிய செய்தி நல்ல செய்திதான். ஆனால் குழந்தை தேறி வீடு திரும்பும் செய்தி வரும்வரை, விஞ்ஞானம் தன் தீர்ப்பை எழுதக் காத்திருக்க வேண்டும்.