தந்திக்குள் உறையும் சுரங்கள்
ரொக் கிட்டாரின் ஹார்மொனிக் மரபும் ஊவாவின் காதும்

ஊவா மலைகளுக்குக் கிட்டார் அந்நியமான வாத்தியம் இல்லை. சிங்கள மெல்லிசைக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று நாடு முழுவதும் போற்றப்படும் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் அப்புத்தளையில் பிறந்தவர். 1966இல் உருவான 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வழியாக அவர் எழுப்பிய கம்பி நாதம் இலங்கை வானொலியில் ஏறி எல்லாத் திசையும் பரவியது. இன்று பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் எந்த மேடையில் இசைக்குழு ஏறினாலும் ஒரு லீட் கிட்டாரும் ஒரு பேஸ் கிட்டாரும் இல்லாமல் கச்சேரி நடப்பதில்லை.

ஆனாலும் நம் இளைஞர்கள் கிட்டாரைப் பற்றிப் பேசும்போது கோர்ட்ஸையும் லீட் வாசிப்பின் வேகத்தையும் பற்றியே பேசுகிறார்கள். ஹார்மொனிக்ஸ் என்று ஒரு தனிக் கலை அதே கம்பியில் இருப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ரொக் இசை கடந்த அறுபது ஆண்டுகளில் அந்தக் கலையைப் பல கிளைகளாக வளர்த்திருக்கிறது. அந்தக் கிளைகளையும் அவற்றை மதிப்பிடும் அளவுகோல்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. விரலைவிடக் காதுக்கே முதலிடம் தரும் மரபு இது; அதற்கு வேண்டிய காது ஊவாத் தோட்டங்களில் ஏற்கெனவே விளைந்திருக்கிறது என்பது என் துணிபு.

கம்பியில் நடப்பது என்ன?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுரமானிப் பரிசோதனை நினைவிருக்கும். இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டினால் அது முழு நீளத்திலும் அதிர்கிறது. அதே வேளையில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும் ஐந்தாகவும் அதிர்கிறது. நாம் ஒரு சுரம் என்று கேட்பது இத்தனை அதிர்வுகளும் கூடிய கூட்டோசை. கம்பி அசையாது நிற்கும் புள்ளிகளைக் கணு என்கிறோம். பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஜோசப் சோவர் 1701இலேயே இந்தக் கணுக்களையும் அவற்றிலிருந்து பிறக்கும் சுரங்களையும் விளக்கி எழுதினார்.

பன்னிரண்டாவது பிரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர்மேலே விரலை அழுத்தாமல் தொட்டு, மீட்டியவுடன் எடுத்துவிட்டால், நடுவில் அசைய வேண்டிய அதிர்வுகள் எல்லாம் அடங்கிவிடும். நடுவில் கணு உள்ளவை மட்டும் மிஞ்சும். திறந்த கம்பியை ஷட்ஜமாகக் கொண்டால், இப்போது கேட்பது மேல் ஷட்ஜம். ஏழாவது பிரெட்டில் தொட்டால் கம்பி மூன்றாகப் பிரிந்து அதற்கும் மேலே பஞ்சமம் ஒலிக்கும். ஐந்தாவதில் இரண்டு ஸ்தாயி மேலேயுள்ள ஷட்ஜம். நான்காவது பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் தொட்டால் அந்தர காந்தாரம்.

கனமான அடிச்சுரம் விலகி, உள்ளே இருந்த மெல்லிய மேற்சுரம் தனித்து நிற்கிறது. மணியோசை போன்ற அந்தத் தெளிவுதான் முதற்கவர்ச்சி. வாசிப்பவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருந்ததை வெளிக்கொண்டு வருகிறார். கேட்பவர் அடையும் வியப்புக்கு இதுவே காரணம்.

தொடுகை வழி

கணுவை விரலால் தொட்டு ஹார்மொனிக் எழுப்பும் இந்த வழியே மிகப் பழையதும் எளியதும். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு 1966 இறுதியில் பதிவு செய்த 'ஃபோர் வட் இட்ஸ் வேர்த்' பாடலின் தொடக்கத்தில் நீல் யங் எழுப்பும் ஹார்மொனிக் சுரங்கள் பாடல் முழுவதன் மனநிலையையும் அமைத்துவிடுகின்றன. 'யெஸ்' குழுவின் 'ரவுண்டபவுட்' (1971) ஸ்டீவ் ஹவ்வின் ஹார்மொனிக்ஸுடன் தொடங்குகிறது. 'ரஷ்' குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் 1981இல் 'ரெட் பார்ச்செட்டா'வை இதே முறையில் திறந்துவைத்தார். மூன்றிலும் ஹார்மொனிக் வருவது பாட்டின் வாசலில். இந்த வழியின் இலக்கணம் அடக்கம்: சில சுரங்கள், நிறைய வெளி.

கிள்ளல் வழி

பிக்கைக் கம்பியில் செலுத்தும் அதே கணத்தில் பெருவிரலின் சதை கம்பியை உரசிச் சென்றால் உச்சஸ்தாயியில் ஒரு வீரிடல் எழும். ரோய் பியூக்கானன் இதன் முன்னோடிகளில் ஒருவர். 'இசட்.இசட். டொப்' குழுவின் பில்லி கிப்பன்ஸ் 'லா கிரேஞ்ச்' (1973) தனிவாசிப்பில் இதைப் பேச்சுபோலக் கையாண்டார். ஓஸி ஒஸ்போர்னுடன் 1988இலிருந்து ஒலிப்பதிவு செய்த ஸாக் வைல்ட் அதையே தன் கையொப்பமாக்கினார். 'பன்டேரா' குழுவின் டைம்பேக் டரல் 'செமட்ரி கேட்ஸ்' (1990) பாடலின் முடிவில் பாடகரின் அலறலுக்குக் கிட்டாரால் பதில் சொல்கிறார். டிஸ்டோர்ஷன் பெரிய ஓசையை நெரித்துச் சிறிய ஓசையை உயர்த்துவதால்தான் மெல்லிய மேற்சுரம் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. டிஸ்டோர்ஷன் இல்லாமல் இந்த வழியில் சோபிப்பது கடினம்.

தட்டல் வழி

இடது கை ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, அதிலிருந்து பன்னிரண்டு பிரெட் தள்ளி வலது கை விரலால் பிரெட் கம்பிமேல் தட்டினால் அச்சுரத்தின் மேல் ஸ்தாயி துள்ளி எழும். எடி வான் ஹேலன் 1979இல் வெளியான தன் குழுவின் இரண்டாவது அல்பத்தில் இதை இரண்டு விதமாகக் காட்டினார்: நைலோன் கம்பிக் கிட்டாரில் வாசித்த 'ஸ்பானிஷ் ஃப்ளை', மின் கிட்டாரில் 'விமன் இன் லவ்' முன்னிசை. இதே அடிப்படையில் தொட்டும் மீட்டியும் யாழோசை போன்ற அடுக்குகளை உருவாக்கிய செட் அட்கின்ஸ், லெனி பிரோ ஆகியோர் ரொக் உலகத்துக்கு வெளியே நின்றவர்கள். ரொக் வாசிப்பாளர் பலருக்கு அவர்களே ஆசான்கள்.

எதிரொலி வழி

கிட்டாரை அம்ப்ளிபயருக்கு நேரே பிடித்தால் ஒலிபெருக்கியின் ஓசை கம்பியை மறுபடி அசைக்கும். சுரம் சாகாமல் மெல்ல மேற்சுரமாக மாறும். பீட்டில்ஸ் 1964இல் வெளியிட்ட 'ஐ ஃபீல் ஃபைன்' அப்படித்தான் தொடங்குகிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967 மொன்டரேயிலும் 1969 வூட்ஸ்டொக்கிலும் அந்த எதிரொலியைக் கலையாக்கினார். எந்த மேற்சுரம் எழும் என்பதை நிற்கும் இடமும் உடலின் திருப்பமும் தீர்மானிப்பதால், இந்த வழியில் மேடையும் வாத்தியத்தின் ஒரு பகுதி ஆகிறது.

பேஸ் கிட்டாரின் தனிச்சிறப்பு

சாதாரண மின் கிட்டாரின் கம்பி நீளம் சுமார் 648 மில்லிமீற்றர். பேஸ் கிட்டாரில் அது 864. நீளம் கூடும்போது கணுக்கள் விலகி நிற்கும். கிட்டாரில் விரலுக்கு எளிதில் பிடிபடாத, கம்பி ஆறாகவும் ஏழாகவும் பிரிந்து எழும் ஆறாம், ஏழாம் மேற்சுரங்கள்கூட பேஸில் தெளிவாகக் கிடைக்கும். அடிச்சுரம் தாழ்ந்து இருப்பதால் அவை நம் காதுக்கு இதமான உயரத்திலேயே ஒலிக்கும். அடியில் நின்று சுமை தாங்கும் வாத்தியம் திடீரென்று மேலெழுந்து பாடுவதே இதன் தனி அழகு.

'யெஸ்' குழுவின் கிரிஸ் ஸ்க்வயர் 1971இல் 'த ஃபிஷ்' என்ற உருப்படியின் இசைப் பகுதிகளைப் பல பேஸ் தடங்களால் கட்டியெழுப்பினார். அதன் தொடக்கத்திலேயே ஹார்மொனிக்ஸ் ஒலிக்கின்றன. பிரெட் நீக்கிய பேஸில் ஜாகோ பஸ்டோரியஸ் வாசித்த 'போர்ட்ரெய்ட் ஒஃப் ட்ரேஸி' (1976) இந்த மரபின் சிகரம். அவர் ஜாஸ் உலகத்தைச் சேர்ந்தவர்; ஆனால் அவருக்குப் பின் வந்த ரொக் பேஸ் கலைஞர் பலர் அவரைக் கேட்டே வளர்ந்தார்கள்.

ஊவாவின் காது

இதெல்லாம் மேல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்குவோருக்கு மூன்று செய்திகள்.

முதலாவது, லயத்து வீட்டு ட்ரான்சிஸ்டர் வானொலி. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கிறது. கையகல ஒலிபெருக்கியால் அந்த ஓசையை எழுப்பவே முடியாது. ஆயினும் 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) காலத்து இளையராஜா பாடல்களில் சசிதரன் போன்றோர் வாசித்த பேஸ் நடையை வானொலியில் கேட்டே மனத்தில் பதித்தவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். 82, 123, 164 ஹேர்ட்ஸ் என்று மேலே வரும் இடைவெளிகளை வைத்து, வராத 41ஐ மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலிபெருக்கி தராத அடிச்சுரத்தை மேற்சுரங்களைப் பிடித்தே கேட்டோம்.

இரண்டாவது, தம்புரா. பாலத்தில் செருகும் ஜீவா நூல் மேற்சுரங்களைத் தூண்டிவிடுகிறது. மந்தர ஷட்ஜக் கம்பியை மட்டும் மீட்டிக் கூர்ந்து கேட்டால் யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் தானே எழும். நான்காவது பிரெட்டருகே கிட்டார்க்காரர் தொட்டு எடுப்பதும் இதே காந்தாரம்தான்.

மூன்றாவது, நம் தோற்கருவிகள். சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதத்தில் அமைவதில்லை. காலையில் தோட்ட வேலைக்கான பெரட்டுக்கு ஆள் எழுப்பியதும், மாசியில் காமன் கூத்தை நடத்துவதுமான தப்பு இந்த இனம். நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கினால் ஓசை கூர்மையாகும், தாளம் தெறிக்கும். ஆனால் சுரம் நிலைப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் ஏற்றும் கருஞ்சாதம் அந்த விகிதத்தைச் சீராக்கிச் சுரம் பிறக்கவைக்கிறது. சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இதை உலகுக்கு அறிவித்தார். தப்பின் தெறிப்பையும் மிருதங்கத்தின் நாதத்தையும் வேறுபடுத்திக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஹார்மொனிக்ஸ் புதிய பாடம் இல்லை.

அளவுகோல்கள்

ஒரு ஹார்மொனிக் நன்றாக அமைந்ததா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் போதும்.

ஒன்று, துல்லியம். தொடும் இடம் குத்துமதிப்பாக இருக்கக்கூடாது. கணுவின் மேல் இருக்க வேண்டும். மீட்டியதும் விரல் விலக வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் மணியோசை மட்டையடியாகிவிடும்.

இரண்டு, மௌனம். மற்ற கம்பிகளை உள்ளங்கையாலும் மீதி விரல்களாலும் அடக்கத் தெரியாதவரின் கிள்ளல் வெறும் இரைச்சல். நம் மேடைகளில் அதிகம் காணும் குறை இதுவே.

மூன்று, சுருதி. ஐந்தாம் மேற்சுரமான காந்தாரம், பிரெட்டில் அழுத்தி வாசிக்கும் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. கீபோர்ட் அதே சுரத்தைப் பிடித்திருக்கையில் இதை நீட்டினால் உரசும். ஹார்மொனிக்ஸால் சுருதி சேர்ப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: ஆறாம் கம்பியின் ஐந்தாவது பிரெட் ஹார்மொனிக்கையும் ஐந்தாம் கம்பியின் ஏழாவது பிரெட் ஹார்மொனிக்கையும் அலை ஓயும்வரை ஒன்றாக்கினால் சுருதி நுணுக்கமாகப் பிசகும். சுமார் மூன்று விநாடிக்கு ஒருமுறை மெல்லிய அலை கேட்பதே சரியான நிலை. இரண்டாம், மூன்றாம் கம்பிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

நான்கு, தேவை. பாட்டு கேட்கும் இடத்தில் மட்டும் ஹார்மொனிக் வர வேண்டும். வரிக்கு வரி வீரிடும் கிட்டார் இரண்டாம் பாட்டிலேயே சலித்துவிடும். வைல்டின் பாணியைப் பார்த்துப் பழகும் பலர் தவறுவது இங்கேதான். அவருடைய கிள்ளலுக்குப் பின்னால் இருக்கும் தாள உறுதியை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. என் தீர்ப்பில் தொடுகை வழியே முதற்பாடமாக வேண்டும். கிள்ளல் அதன் பிறகு வந்தால் போதும்.

கருவிப் பராமரிப்பும் இதில் அடங்கும். பழைய கம்பியில் முதலில் சாவது உயர்ந்த மேற்சுரங்களே. மழையும் பனியும் மாறிமாறி வரும் நம் மலைக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் துடைத்து வைப்பது நல்லது. ஸ்ட்ரட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் கழுத்துப் பக்கப் பிக்கப் நான்காம் மேற்சுரத்தின் கணுவருகே இருப்பதால், ஐந்தாவது பிரெட் ஹார்மொனிக் அங்கே மெலிந்து கேட்கும். பாலத்துப் பிக்கப்புக்கு மாற்றினால் அது உயிர்பெறும்.

இளையோருக்கு

இலங்கையில் ரொக் கொழும்போடு நின்றுவிடவில்லை. கொழும்பின் 'ஸ்டிக்மாட்டா'வுக்குச் சில ஆண்டுகள் பின்னால் மலைநாட்டுத் தலைநகரான கண்டியில் 'பரனொய்ட் ஏர்த்லிங்' எழுந்தது. ஊவாவிலிருந்து தமிழில் அப்படி ஒரு குழு எழுவதற்கு விலையுயர்ந்த கருவி இல்லாதது தடையாக இருக்கத் தேவையில்லை. தொடுகை வழியைப் பழக அம்ப்ளிபயர் வேண்டாம். தேவாலயப் பாடகர் குழுவிலோ பாடசாலையிலோ இருக்கும் சாதாரணக் கிட்டாரும் புதிய கம்பிகளும் போதும். பாடசாலை இசை ஆசிரியர்களும் பௌதிகவியல் ஆசிரியர்களும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து நடத்தலாம்: ஒரு மேசையில் சுரமானி, பக்கத்தில் கிட்டார், தம்புரா, மிருதங்கம், தப்பு. மாணவர்கள் கணுவைக் கண்ணால் கண்டு, சுரத்தைக் காதால் பிடித்து, விரலால் எடுக்கட்டும். வேகம் பிறகு தானே வரும். முதலில் ஒரு கம்பியை மீட்டி, அதற்குள் எத்தனை சுரம் கேட்கிறது என்று எண்ணப் பழகுங்கள்.