திருத்தைலமும் திருச்சபை நிலமும்: பிராங்கிய அரசுரிமை பற்றிய எழுத்துக்கள் குறித்து ஒரு நோக்கு

மேற்கு ரோமப் பேரரசு சிதைந்ததன் பின்னர், 5ஆம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் 9ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவில் மேலோங்கி நின்ற பிராங்கிய அரசுரிமைக்கும் கிறித்தவத்துக்கும் இடையிலான தொடர்பு இருவகையாக விளக்கப்பட்டு வந்துள்ளது. மன்னரின் மனமாற்றமும் ஆயரின் அருட்பணியுமே அவ்வரசினை உருவாக்கின என்பது ஒன்று. மதம் ஆளும் வர்க்கம் போர்த்துக்கொண்ட போர்வை. அதனை விலக்கினால் நிலமும் வாளும் மாத்திரமே எஞ்சும் என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் கருத்துமுதல்வாதத்தின் பாற்பட்டது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், மார்க்சியத்தின் பெயரால் கூறப்படும் இரண்டாவது விளக்கமும் மூல எழுத்துக்களை ஊன்றி நோக்குமிடத்துப் போதாமையுடையதாகவே காணப்படுகின்றது. அவ்வெழுத்துக்கள் சிலவற்றை, எழுதியோர் எவர், எவர் நலன் சார்ந்து எழுதினர் என்னும் வினாக்களோடு நோக்குவதே இங்கு எமது நோக்கமாகும்.

முதற்கண், தூர் நகர ஆயர் கிரகரி எழுதிய பத்துப் பாகங்கள் கொண்ட வரலாற்று நூலை எடுத்துக்கொள்வோம். கோல் நாட்டின் பழைய ரோம நிலவுடைமைக் குடியொன்றிலே பிறந்து, 573இல் ஆயராகி, 594இல் மறைந்தவர் அவர். 511இல் இறந்த மன்னன் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்றதை, அந்நிகழ்ச்சி கழிந்து இரண்டு மூன்று தலைமுறைகளின் பின்னரே அவர் எழுதுகின்றார். அவனைப் புதிய கொன்ஸ்தந்தீனாகவே காட்டுகின்றார். குளோவிஸ் தன் உறவினரான அரசர்களை வஞ்சகமாகக் கொல்வித்தமையை அவர் மறைக்கவில்லை. எனினும், அவன் நேரிய உள்ளத்தோடு நடந்தமையால் இறைவன் அவன் பகைவரை வீழ்த்தினார் என்பதே அவரது தீர்ப்பு. 584இல் கொலையுண்ட சில்பெரிக் மன்னனையோ தம் காலத்து நீரோ என்றும் ஏரோது என்றும் இகழ்கின்றார். சில்பெரிக் ஊர்களை எரித்தான், திரித்துவக் கோட்பாட்டில் வழுவினான் என்பன அவர் சுமத்தும் குற்றங்களுட் சில. அவற்றோடு, அரச கருவூலம் வறிதாயிற்று, செல்வம் திருச்சபைகளைச் சென்றடைந்தது, ஆயர்களே ஆள்கின்றனர் என அவன் முறையிட்டதையும், திருச்சபைகளுக்குச் சொத்தளித்த மரணசாதனங்களை அவன் அழித்ததையும் கிரகரியே குறிப்பிடுகின்றார். கொலைசெய்த ஒருவன் புனிதப்படுத்தப்படுவதற்கும் மற்றொருவன் சபிக்கப்படுவதற்கும் இடையே திருச்சபையின் நிலமும் ஒரு காரணியாக நிற்பதை நாம் காணத் தவறலாகாது.

இதனைக் கிரகரியின் தனிப்பட்ட பேராசையாகக் கொள்வது எளிமைப்படுத்தலாகும். ரோம ஆட்சியமைப்புக் குலைந்தபோது எழுத்தறிவும் நிருவாகப் பயிற்சியும் நிலமும் ஒருங்கே எஞ்சியிருந்த நிறுவனம் திருச்சபையே. வெற்றிபெற்ற போர்த்தலைவனுக்கு அது இன்றியமையாததாயிற்று. குளோவிஸ் 511இல் ஓர்லியன்சிலே கூட்டிய ஆயர் மன்றம், அரச ஆணையோ நீதிபதியின் இசைவோ இன்றிப் பொதுநிலையினர் எவரும் குருத்துவப் பணிக்குச் சேர்க்கப்படலாகாதென விதித்தது. ஆயர்கள் அரசனைப் புனிதப்படுத்தினர். அரசன் ஆயர்களைத் தன் ஆட்சிக்குட் பிணைத்தான்.

இப்பிணைப்பு 8ஆம் நூற்றாண்டிலே புதிய வடிவம் பெற்றது. சாள்ஸ் மார்ட்டெல் திருச்சபை நிலங்களைத் தன் படைவீரருக்கு வழங்கினான். 743இல் அவன் மகன் கார்லோமன், அந்நிலங்களை வீரரிடமே விட்டு, ஒவ்வொரு குடிநிலத்துக்கும் ஆண்டுக்கு 12 வெள்ளிக்காசு திருச்சபைக்கு வாரமாகச் செலுத்தப்பட வேண்டுமென ஏற்பாடு செய்தான். 751இல் மற்றைய மகன் பெப்பின் முடிசூடியபோது, மெரோவிஞ்சிய மரபின் இறுதி மன்னன் மூன்றாம் சில்டெரிக்கின் நீள்முடி மழிக்கப்பட்டு, அவன் துறவிமடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டான். நீள்முடியோ குலவுரிமையின் சின்னம். குலவுரிமையற்ற பெப்பினுக்கு அதனை ஈடுசெய்யும் பிறிதொரு சின்னம் வேண்டியிருந்தது. 754இல் பாப்பரசர் இரண்டாம் ஸ்தேவான் சென் தெனியில் அவனுக்கும் அவன் மைந்தருக்கும் பூசிய திருத்தைலம் அத்தேவையை நிறைவுசெய்தது. மாட்டுவண்டியிற் செல்லும் வலுவற்ற மன்னராக மெரோவிஞ்சியரை ஐன்ஹார்ட் தீட்டிய புகழ்பெற்ற சித்திரம், இம்மாற்றம் நிகழ்ந்து இரு தலைமுறைகளுக்குப் பின்னர், வெற்றிபெற்ற குலத்தின் அரசவையிலே வாழ்ந்த ஒருவரால் எழுதப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரசுரிமையின் பொருளாதார அடித்தளம் யாது? 779இல் சார்லமேன் பத்திலொரு பங்கு வரியைத் திருச்சபைக்குக் கட்டாயமாக்கினான். சென் ஜெர்மேன் மடத்தின் 9ஆம் நூற்றாண்டு நிலப்பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு, அங்கிருந்த 2,788 குடும்பங்களைப் பற்றிக் குறிப்பிடும் ஏங்கெல்ஸ், சுதந்திரக் குத்தகையாளராக 8 குடும்பங்களையே காண்கின்றார். சக்சனியருக்கென விதிக்கப்பட்ட சட்டமோ, திருமுழுக்கை மறுத்து ஒளிந்திருப்போருக்கு மரண தண்டனையையும், அனைவருக்கும் பத்திலொரு பங்கையும் ஒருங்கே விதித்தது. அவ்வரி சக்சனியரின் விசுவாசத்தைக் கெடுத்ததென 796இல் முறையிட்டவர் அரசவை அறிஞரான அல்குவினே.

எனின், போர்வைக் கோட்பாடு சரியானதுதானே என ஒருவர் வினவலாம். 833ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்கு விடையளிக்கின்றது. அவ்வாண்டில் சார்லமேனின் மகன் லூயி, தன் புதல்வரின் கிளர்ச்சியாற் கைவிடப்பட்டு, சுவாசோனிலே ஆயர்முன் பகிரங்கமாகப் பாவப்பரிகாரம் செய்ய நேர்ந்தது. அவனை வீழ்த்தியது புதல்வரதும் பிரபுக்களதும் படைபலமே. ஆயினும் அவன் அரசுரிமை இழந்தமை பாவம், பரிகாரம் ஆகியவற்றின் மொழியிலேயே அறிவிக்கப்பட்டது. திருத்தைலம் பூசியவர் அதனைப் பெற்றவனைக் கணக்குக் கேட்கவும் முடிந்தது. போர்வை என்பது போர்த்தவனைத் தட்டிக்கேட்பதில்லை. கருத்துநிலையோ தன்னைத் தோற்றுவித்தோரையும் கட்டுப்படுத்தும். 834இல் லூயி மீண்டும் அரியணையேறினான். ஆயர்களுள் முன்னின்ற றேம்ஸ் பேராயர் எப்போ மறு ஆண்டு பதவியிழந்தார். அவர் அடிமைக் குடியிற் பிறந்தவர் என்பதையே தேகன் என்னும் குருவானவர் பெரும் வசையாக எழுதினார். சமத்துவம் போதித்த சபையின் உள்ளும் வர்க்கத் தழும்பு அழியவில்லை.

இவ்வெழுத்துக்களிலே உழுதவனின் குரல் நேரடியாகக் கேட்பதில்லை. அது பகைவரின் வாய்வழியே ஒருமுறை கேட்கின்றது. 841, 842ஆம் ஆண்டுகளில் சக்சனியின் கீழ்நிலைச் சுதந்திரரும் அரையடிமைகளும் ஸ்தெல்லிங்கா என்னும் பெயரோடு எழுந்து, பிரபுக்களைத் துரத்தி, பழைய வழக்கத்தின்படி வாழ்ந்தனர் எனச் சார்லமேனின் பேரனான நித்தார்ட் எழுதுகின்றார். அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிரபுவையும் புதிய மதத்தையும் அம்மக்கள் ஒருங்கே எதிர்த்தமை, அவ்விரண்டின் பிணைப்பையும் அவர்கள் தம் வாழ்வனுபவத்தால் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். திறனாய்வாளர் இவ்வெழுத்துக்களைப் பக்தியோடு ஏற்பதும் பொய்யென்று தள்ளுவதும் ஒருங்கே தவறாகும். ஆளுவோர் தாம் நம்பியதையே எழுதினர். அந்நம்பிக்கைக்கு வாரம் செலுத்தியோரோ எழுதவில்லை. அவ்வெழுதாப் பக்கத்தையும் சேர்த்து வாசிப்பதே வரலாற்றுப் பொருள்முதல்வாதத் திறனாய்வின் கடனாகும்.