ஒரு கைப்பிடி மாவு

குடும்ப ஹாஸ்யக் கதைகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. எழுதிப் பார்த்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். அப்பா கோபக்காரர், அம்மா சாது, பெண்கள் குறும்புக்காரிகள், தாத்தா எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பவர் என்று ஆளுக்கொரு குணத்தை ஒட்டிவிட்டால் போதும், கதை தானாக நடந்துவிடும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். படிக்கிறவரும் சிரித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பார். அந்த வீட்டில் யாரும் யாரையும் உண்மையாக நோகடிப்பதில்லை. அப்படிப்பட்ட வீடு உலகத்தில் எங்கும் இல்லை என்பதுதான் அந்தக் கதைகளின் குறை.

இந்த அவநம்பிக்கையோடுதான் 'மீட் மி இன் செயின்ட் லூயிஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். 1944-ல் எம்.ஜி.எம். கம்பெனியார் தயாரித்த வர்ணப்படம். வின்சென்ட் மின்னெலி டைரக்ட் செய்தது. ஜூடி கார்லண்டு நடித்தது. பாட்டும் கூத்தும் ஏராளம். ஸாலி பென்சன் என்ற எழுத்தாளர் தம்முடைய பிள்ளைப் பிராயத்தை நினைவில் வைத்துக்கொண்டு 'நியூ யார்க்கர்' பத்திரிகைக்கு எழுதிய கதைகள் 1942-ல் புஸ்தகமாக வந்தன. அதுதான் படத்துக்கு மூலம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1904-ல் நடக்கப்போகிற உலகப் பொருட்காட்சிக்காக ஊரே காத்திருக்கிறது. முந்தின வருஷத்துக் கோடையிலிருந்து பொருட்காட்சி திறக்கிற வசந்தம் வரையில் ஸ்மித் குடும்பத்தில் நடப்பவற்றை, பருவத்துக்கு ஓர் அத்தியாயமாகச் சொல்கிறார்கள். அப்பா வக்கீல். கல்யாண வயதில் ரோஸ். அவளுக்கு அடுத்தவள் எஸ்தர், பக்கத்து வீட்டுப் பையன்மேல் ஆசை வைத்திருக்கிறாள். பிறகு ஆக்னெஸ், கடைக்குட்டி டூட்டி. கல்லூரிக்குப் போகவிருக்கும் பையன் ஒருவன். தாத்தாவும் சமையல்காரியும் வேறு.

முதல் அத்தியாயத்தில் ஒரு டெலிபோன் காட்சி வருகிறது. ரோஸுக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு வாலிபன் டெலிபோனில் பேசப்போகிறான். கல்யாணப் பேச்சு எடுப்பான் என்று எதிர்பார்ப்பு. டெலிபோன் இருப்பதோ சாப்பாட்டு அறையில். அதனால் அப்பாவை ஒரு மணி நேரம் முன்னதாகவே சாப்பிட வைத்து அப்புறப்படுத்திவிட வேண்டுமென்று வீடு முழுதும் சதி செய்கிறது. அம்மா, தாத்தா, சமையல்காரி எல்லாரும் கூட்டு. அப்பா மட்டும் மசியவில்லை. வழக்கமான நேரத்தில்தான் சாப்பிடுகிறார். மணி அடிக்கிறது. அப்போதுதான், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் தமக்கு மட்டும் தெரியாது என்று அவருக்குத் தெரிகிறது. நாம் சிரிக்கிறோம். அவர் முகத்தில் ஒரு வினாடி வந்து போகும் வருத்தத்தை, சிரிப்பின் மும்முரத்தில் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஒரு வினாடியைக் கவனித்தவர்களுக்குத்தான் ஹாலோவீன் அத்தியாயம் புரியும் என்பது என் கட்சி.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31-ஆம் தேதி இரவு. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற வழக்கம் அமெரிக்காவில் 1930-களுக்குப் பிறகுதான் நன்றாகப் பரவிற்று. அதற்கு முன்னால் அது விஷமத்துக்கென்றே விட்டுக்கொடுத்த இரவு. வேலிக் கதவைக் கழற்றி எங்கேயாவது போடுவார்கள். வண்டியைக் கூரைமேல் ஏற்றிவிடுவார்கள். படத்தில் வருவது இந்தப் பழைய ஹாலோவீன். தெருநடுவே நெருப்பு மூட்டி, பழைய நாற்காலி மேஜைகளைப் போட்டு எரிக்கிறார்கள் பிள்ளைகள். ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பிடிக்காத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். திறந்தவர் முகத்தில் மாவை எறிய வேண்டும். உன்னை வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிவர வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் அந்த மனிதரைக் கொன்றுவிட்டதாகக் கணக்கு.

அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பயப்படுகிற வீடு பிராக்காஃப் என்பவருடையது. அவர் பூனைகளுக்கு விஷம் வைக்கிறாராம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெண்சாதியை அடிக்கிறாராம். பெயரைப் பார்த்தால் வேற்று தேசத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று படுகிறது. அங்கே போகப் பெரிய பையன்களுக்கே துணிவில்லை. நீ சின்னவள் என்று எல்லாரும் ஒதுக்கிவைத்த டூட்டி, தான் போவதாகச் சொல்கிறாள்.

பெரிய ஆளுடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு அந்தக் குழந்தை இருட்டில் தனியாக நடந்து போகிறது. நெருப்பும் கூச்சலும் பின்னால் தேய்கின்றன. காற்றில் சருகுகள் ஓடுகின்றன. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமேயில்லை. பயம் என்பது எவ்வளவு பெரியது என்று குழந்தைக்குத்தான் தெரியும். நாம் வளர்ந்து மறந்துவிட்டோம். டூட்டியாக நடித்த மார்கரெட் ஓப்ரையனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பியிருந்தால் அதிகம். அந்த வருஷத்துச் சிறந்த குழந்தை நடிகை என்று அவளுக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். இந்த நடைக்கு மட்டுமே கொடுத்திருக்கலாம்.

கதவு திறக்கிறது. திறந்தவர் ராட்சஸர் அல்ல. கொஞ்சம் கடுகடுத்த முகம், கூட ஒரு நாய், அவ்வளவுதான். மாவு முகத்தில் விழுகிறது. குழந்தை ஓடிவிடுகிறாள். நாய் சிந்தின மாவை நக்குகிறது. அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று படத்தில் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. மாவு வழிகிற அந்த முகம் ஒன்றே போதும். டூட்டியைத் தெருப்பிள்ளைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அன்றிரவு விஷமம் அதோடு நிற்கவில்லை. டூட்டி உதடு கிழிந்து அலறிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். பக்கத்து வீட்டு ஜான் அடித்துவிட்டான் என்கிறாள். எஸ்தர், தான் நேசிக்கிறவன் என்றும் பாராமல், போய் அவனை அடித்துக் கடித்துவிட்டு வருகிறாள். பிறகுதான் உண்மை வெளிவருகிறது. துணியில் ஒரு பொம்மை செய்து ஆக்னெஸும் டூட்டியும் டிராம் தண்டவாளத்தில் போட்டிருக்கிறார்கள். போலீஸ் கையில் அகப்படாமல் இவர்களை இழுத்து மறைத்தவன்தான் ஜான். டிராம் கவிழ்ந்திருந்தால் உயிர் போயிருக்கும். ரோஸ் ஒருத்திதான் சீறுகிறாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. நமக்கும் வருகிறது. நம் வீட்டுக் குழந்தை செய்தால் விஷமம், அடுத்த வீட்டுக் குழந்தை செய்தால் அக்கிரமம் என்கிற நியாயம் நமக்கும் பழக்கமானதுதானே?

அதே இரவில் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொல்கிறார். தமக்கு நியூயார்க்குக்கு உத்தியோக மாற்றம். கிறிஸ்துமஸ் கழிந்ததும் எல்லாரும் புறப்பட வேண்டும். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டார். பொருட்காட்சி போச்சு, காதல் போச்சு, பள்ளிக்கூடத்துச் சிநேகிதம் போச்சு. ஒரு கைப்பிடி மாவை எடுத்துக் குடும்பம் முழுவதின் முகத்திலும் அவர் எறிந்ததுபோல் இருக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். தம் வீட்டிலேயே அவர் ஒரு பிராக்காஃப் ஆகிவிடுகிறார். பிறகு அம்மா பியானோ முன்னால் உட்காருகிறாள். அவர் பக்கத்தில் நின்று பாடுகிறார். போனவர்கள் மெல்லத் திரும்பி வந்து, பாதியில் விட்ட கேக்கைச் சாப்பிடுகிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் யாரையும் ஜயிக்கவுமில்லை. உண்மையான குடும்பங்களில் சமாதானம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

இரண்டு காரியங்களையும் ஒரே இரவில் வைத்த இடத்தில்தான் இந்தப் படத்தின் உயர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாரும் சேர்ந்து ஒருவரிடமிருந்து விஷயங்களை மறைத்து மறைத்து அவரை அந்நியராக்குவதும், அந்நியராக்கப்பட்டவர் தம் அதிகாரத்தைக் காட்டுவதும் தெருவில் ஒருவிதமாகவும் வீட்டில் ஒருவிதமாகவும் நடக்கின்றன. தெருவில் நடப்பது விளையாட்டு. வீட்டில் நடப்பது விளையாட்டல்ல.

கிறிஸ்துமஸ் இரவில் டூட்டி ராத்திரிச் சட்டையோடு வெளியே ஓடி, தோட்டத்தில் தாங்கள் செய்துவைத்த பனி மனிதர்களைக் கம்பால் அடித்து நொறுக்குகிறாள். தன்னோடு கொண்டுபோக முடியாதது வேறு யாருக்கும் கிடைக்கக்கூடாது என்ற ஆத்திரம். ஹாலோவீனில் வேஷம் போட்டுக்கொண்டு செய்ததை இப்போது வேஷமில்லாமல் செய்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து அப்பா பார்க்கிறார். அதன் பிறகு, நியூயார்க் போவதில்லை என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்கிறார்.

இந்த முடிவு கொஞ்சம் சுலபம்தான். உண்மையில் ஸாலி பென்சனின் குடும்பம் நியூயார்க்குக்குக் குடி போய்விட்டது. அவர் படித்ததும் அங்கேதான். வாழ்க்கையில் மனம் மாறாத தகப்பனாரைச் சினிமாவில் மாற்றியிருக்கிறார்கள். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். பனி மனிதர்களை உடைக்கிற குழந்தையைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பனும் மாறலாம்.

எனக்குள்ள குறை வேறு. பிராக்காஃப் என்ன ஆனார்? அந்த இரவுக்குப் பிறகு படம் அவரை மறந்துவிடுகிறது. தகப்பனாரை மறுபடி குடும்பத்துக்குள் சேர்த்துக்கொள்கிற கதை, முகத்தில் மாவு வாங்கினவரைக் கதவருகிலேயே நிறுத்திவிட்டது. கடைசியில் பொருட்காட்சியின் ஆயிரம் விளக்குகளும் எரிகின்றன. குடும்பம் வாய் பிளந்து பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக, நாயைப் பிடித்துக்கொண்டு அவரும் நிற்கமாட்டாரா என்று நான் தேடினேன். நானாயிருந்தால் நிற்க வைத்திருப்பேன்.