மரநிழலில் விழுந்த வளையங்கள்

2019 டிசம்பர் 26 காலையில், நிலவு தன் நீள்வட்டப் பாதையில் புவியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தமையால், கதிரவனை முழுவதும் மறைக்க இயலாமல் விளிம்பில் ஒளிவளையம் ஒன்றை விட்டுவைத்தது. இதுவே கங்கண கிரகணம் எனப்படும். சவூதி அரேபியாவில் சூரிய உதயத்தோடு தொடங்கிய அதன் தடம், கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்று யாழ்ப்பாணத்தையும் சிங்கப்பூரையும் தொட்டு, குவாம் தீவைக் கடந்ததும் அந்திப்பொழுதில் முடிந்தது. தடத்துக்கு வெளியே நின்ற சென்னைக்குக் கிட்டியது பகுதி கிரகணம், அதாவது ஓரம் கடித்த அப்பளம் போன்ற பிறை.

இவ்வேறுபாட்டை அறியத் தொலைநோக்கி தேவையில்லை. இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைப் படப்பெட்டியாக, அதாவது சிறு துளைவழி ஒளி புகுந்து தலைகீழ்ப் பிம்பத்தை வீழ்த்தும் அமைப்பாகச் செயல்படுவதால், மேகம் விலகிய இடங்களில், திண்டுக்கல்லின் வேப்பமர நிழலில் வளையல்களாகச் சிதறிய வெயில், அதே வேளையில் சென்னையில் பிறைகளாகவே கிடந்தது. எந்நாளும் மரத்தடியில் விழும் ஒளிவட்டங்கள் கதிரவனின் பிம்பங்களே என்றாலும், அவற்றை மிதித்துச் செல்வோரே மிகுதி. அன்று தடத்தினுள் நின்று சமையலறைச் சல்லடையைச் சிமெண்டுத் தரைக்கு மேல் பிடித்தபோது, துளைக்கு ஒன்றாக வளையங்கள் வரிசைகட்டி நிற்பதையும், ஏறத்தாழ 3 நிமிடங்களில் அவை அத்தனையும் ஒரே பக்கத்தில் உடைந்து பிறையாவதையும், வானை நிமிர்ந்து பாராமலே காண முடிந்தது.